எந்த மீனை எண்ணுகிறோம்?

நமது மலையாறுகளின் மீன்வளத்தைக் குறித்து எழுதப்பெறும் அறிக்கைகளில் பெரும்பாலும் இரண்டு தொகைகள் முதலிடம் பெறுகின்றன. ஒன்று, ஆற்றில் விடப்பட்ட மீன் குஞ்சுகளின் எண்ணிக்கை; மற்றொன்று, ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்ட மீனின் எடை. இவ்விரண்டும் பயனுள்ளவையே. ஆயினும், அந்த ஆற்றுக்கே உரிய மீன் இன்னும் அங்கே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, இனம் பெருக்கி வாழ்கின்றதா என்னும் கேள்விக்கு இவ்விரண்டில் எதுவும் விடை கூறாது. களத்தில் நிற்கும் இலாகா ஊழியர்களும், ஆற்றங்கரை ஊர்களில் பணிபுரியும் ஆசிரியர்களும் இக்கேள்வியை எழுப்பினாலன்றி வேறு யாரும் எழுப்பப் போவதில்லை என்பது என் கருத்து. அக்கருத்துக்கான காரணங்களையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவதாகப் பெயர்களைப் பற்றிச் சில சொற்கள். விஞ்ஞானச் செய்திகளைத் தமிழாக்கும் தொழிலில் உள்ளோர்க்கு மீன்களின் பெயரைப் போல இடர் தருவது பிறிதொன்றில்லை. சால்மன் என்பது வட அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களிலும், அவற்றிற் சென்று கலக்கும் ஆறுகளிலும் வாழும் மீன். இந்திய ஆறு எதனிலும் அது இயற்கையாக இல்லை. மீன் சந்தையில் 'இந்தியச் சால்மன்' என்று விலை கூறப்படுவது நம் கடற்கரை மக்கள் காலா என வழங்கும் மீனேயாகும்; அதற்கும் சால்மனுக்கும் யாதோர் உறவுமில்லை. டிரவுட் என்பதும் அத்தகையதே. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட்டின் தாயகம் பசிபிக் கடலைச் சார்ந்த ஆறுகள். ஆனால் இமயமலையில் 'பனி டிரவுட்' என்று ஆங்கிலப் பெயர் பெற்றுள்ள மீன் டிரவுட்டே அன்று. அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. குமாவூன் மக்கள் அதனை அசேலா என்கின்றனர். 'இந்திய டிரவுட்' என்று வேறொரு மீனும் உண்டு. அதுவும் கெண்டை வகையே. 'இந்தியாவின் சால்மன்' என்று பாராட்டப்பெற்ற மஹசீரும் ஒரு பெருங்கெண்டைதான். தூண்டிலும் கையுமாக இங்கு வந்த ஆங்கில அதிகாரிகள், தம் நாட்டு மீனின் நினைவாக நம் நாட்டு மீன்களுக்குப் பெயர் சூட்டிச் சென்றனர். அந்தப் பெயர்கள் இன்றும் நம் படிவங்களில் நிலைத்துள்ளன. படிவத்தில் 'டிரவுட்' என்று ஒரே பத்தி இருக்குமாயின், அதனுள் வந்தேறிய மீனும், ஆற்றுக்குரிய மீனும் ஒருங்கே விழுந்து, பின்னர் பிரித்தறிய இயலாத தொகையாக மாறிவிடக்கூடும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

டிரவுட் இந்நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலை இயற்றிய பிரான்சிஸ் டே 1863ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கு அதனைக் கொணர முயன்றார், அது கைகூடவில்லை. காஷ்மீரத்துக்கு 1899இல் அனுப்பப்பட்ட முட்டைகள் வழியிலேயே அழிந்தன. அடுத்த ஆண்டு வந்தவை பிழைத்தன. பிராங்க் மிட்செல் என்பவரின் முயற்சியால் ஸ்ரீநகரை அடுத்த ஹார்வானில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் எச். சி. வில்சன் ஒரு பொரிப்பகத்தை நிறுவினார். 1909 அளவில் குல்லுப் பள்ளத்தாக்கிலும் டிரவுட் குடியேறியது. இன்று லித்தர், பியாஸ், தீர்த்தன் முதலிய ஆறுகளில் பழுப்பு டிரவுட் மனிதர் துணையின்றித் தானே இனம் பெருக்குகின்றது. குல்லுவை அடுத்த பத்லிகுல்லில் நார்வே நாட்டின் உதவியுடன் தோன்றிய பண்ணை, மலைவாழ் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு புதிய தொழிலைக் காட்டிக் கொடுத்தது. கற்காரைத் தொட்டியில் வளர்க்கும் டிரவுட்டைப் பற்றி எனக்கு யாதொரு குறையும் இல்லை. அது கோழி வளர்ப்பைப் போன்றதொரு கைத்தொழில்; மலைநாட்டில் அது பெருகுக.

ஆற்றில் விடப்படும் டிரவுட்டின் நிலை வேறு. அசேலா பாறைகளின்மேல் படர்ந்த பாசியைச் சுரண்டி உண்ணும் மீன். பழுப்பு டிரவுட்டோ பூச்சிகளையும் சிறு மீன்களையும் வேட்டையாடுவது. ஒரே குளிர்நீர் ஓடையில் இவ்விரண்டும் சேர்ந்து வாழ நேரும்போது எது எதற்கு இரையாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இமயமலை அசேலாவை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் 'நலிவுறக்கூடிய' இனமாகக் குறித்துள்ளது. இதற்கு டிரவுட் ஒன்றே காரணமன்று. மிகையான மீன்பிடிப்பும், அணைகளும், ஆற்றுப் படுகையிலிருந்து கல்லும் மணலும் வாரிச் செல்லுதலும் அதனினும் பெரிய காரணங்களாக இருக்கலாம். ஆயினும், இன்னும் டிரவுட் புகாத ஓடைகளில் அதனைப் புதிதாக விடுவதற்கு முன்னர், அங்கு ஏற்கெனவே வாழும் மீன் எது, எவ்வளவு என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகுமா?

எண்ணிப் பார்த்தும் ஏமாறிய வரலாறு ஒன்று நம் காவிரியிலேயே உண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த பாடம் அதுவே.

காவிரியிலும் அதன் உபநதிகளிலும் மட்டும் காணப்படும் ஒரு மஹசீர் உண்டு. தலைக்குப் பின்னே முதுகு திமில்போல் உயர்ந்து, துடுப்புகள் செம்மஞ்சள் நிறம் கொண்டது. மஹசீர் இனங்களில் இதுவே மிகப் பெரிதாக வளர்வது எனலாம். 1946இல் கபினியாற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோகிராம் எடை இருந்தது. இத்துணைப் புகழ் வாய்ந்த மீனுக்கு ஐயமற்ற விஞ்ஞானப் பெயர் 2018ஆம் ஆண்டு வரை கிடைக்கவில்லை என்றால் வாசகர்கள் வியப்படைவர். அமராவதியின் தலைப்பகுதியாகிய பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு முன்னரே விவரிக்கப்பட்டு, ரெமாதேவி என்னும் இந்திய மீனியல் அறிஞரின் பெயரால் வழங்கப்பெற்ற இனமும் இதுவும் ஒன்றே என்று அவ்வாண்டில்தான் நிறுவப்பட்டது. பெயர் உறுதியானதும், சிவப்புப் பட்டியலில் அதற்கு 'மிகக் கடும் ஆபத்தில் உள்ளது' என்னும் நிலை அளிக்கப்பட்டது. பெயர் இல்லாதவரை அதற்கு ஆபத்தும் இல்லை போலும்!

இனி அதன் கணக்கைப் பார்ப்போம். கர்நாடகத்தில் காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் தூண்டில் முகாம் ஒன்று நடைபெற்று வந்தது. அங்குப் பிடிக்கும் மீனை எடை பார்த்து உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவது விதி. எத்தனை மணி நேரம் தூண்டில் இட்டனர், எத்தனை மீன் அகப்பட்டது, ஒவ்வொன்றும் என்ன எடை என்று குறித்து வைத்தனர். 1998 முதல் 2012 வரையுள்ள அக்குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். 23,620 மணி நேர உழைப்பில் 6,161 மஹசீர்கள். ஏறத்தாழ 4 மணி நேரத்திற்கு ஒரு மீன். மிகச் சிறியது 0.45 கிலோகிராம், மிகப் பெரியது 46.8 கிலோகிராம். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரே அளவு உழைப்புக்கு அகப்படும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. சராசரி எடை குறைந்தது. இளமீன்கள் பெருகுகின்றன என்பது இதன் பொருள். இந்தத் தொகையை மட்டும் காணும் எவரும் மகிழ்ச்சியே அடைவர்.

ஆனால் குறிப்புகளை இனவாரியாகப் பிரித்தபோது உண்மை வேறாக இருந்தது. பெருகியது திமில் மஹசீர் அன்று. நீலத் துடுப்பு மஹசீர் என்னும் மற்றோர் இனம். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்கு உரியது. புனே நகரை அடுத்த ஆற்றில் கிடைத்ததைக் கொண்டு 1839இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தார் அதனைச் செயற்கை முறையில் வெற்றிகரமாகக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். அவ்வின மஹசீர்க் குஞ்சுகள் பல மாநிலங்களின் ஆறுகளுக்குச் சென்றன, காவிரியிலும் விடப்பட்டன. அருகிவரும் மீனைக் காப்பதாகவே அனைவரும் நல்லெண்ணத்துடன் எண்ணினர். காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ ஆண்டுக்காண்டு அருகி, அந்தப் பகுதியில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இப்பொழுது மோயாறு அதற்குப் புகலிடமாக இருந்து வருகிறது.

ஒரே தொகையில் ஓர் இனத்தின் வளர்ச்சி மற்றோர் இனத்தின் வீழ்ச்சியை மூடி மறைத்ததைக் கவனிக்க வேண்டும். அந்த முகாமின் குறிப்புப் புத்தகம் 'மஹசீர்' என்னும் ஒரு சொல்லோடு நின்றிருக்குமாயின் இந்த இழப்பு இன்றளவும் வெளிப்பட்டிராது. பிரித்தறிவதற்கு ஏதுவான விவரம் அதில் இருந்ததனாலேயே உண்மை புலப்பட்டது. பெயரைப் பற்றி நான் முற்பகுதியில் நீட்டி எழுதியதன் காரணம் இதுதான்.

பொரிப்பகங்களைப் பற்றி அமெரிக்காவின் பசிபிக் கரையோர மாநிலங்களில் ஒரு நல்ல வழக்கம் உள்ளது. அங்கே பொரிப்பகத்திலிருந்து விடப்படும் சால்மன் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு, முதுகின் பின்பகுதியிலுள்ள சிறிய கொழுப்புத் துடுப்பைக் கத்தரித்து விடுகின்றனர். பல ஆண்டுகள் கழித்து அம்மீன் கடலிலிருந்து திரும்பும்போது, துடுப்பு இல்லையேல் பண்ணை மீன், இருந்தால் ஆற்றிற் பிறந்த மீன் என்று ஒரு சிறுவனும் சொல்லிவிடலாம். துடுப்புள்ள மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று பல ஆறுகளில் விதியும் உண்டு. நம் மஹசீர் கெண்டைக் குடும்பத்தது ஆகையால் அதற்குக் கொழுப்புத் துடுப்பே கிடையாது. வேறு அடையாளம் தேட வேண்டும். அது விஞ்ஞானிகளின் வேலை. 1987இல் தொடங்கப்பெற்ற, பீம்தாலில் உள்ள குளிர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை இதற்குத் தக்க வழி கூற வல்லவை. அடையாளமற்ற குஞ்சுகளை ஆற்றில் விட்டபின், அடுத்த ஆண்டு பிடிபடும் மீனைக் காட்டி 'ஆறு செழித்துள்ளது' என்று கூறுவது, நாமே உண்டியலில் காசு போட்டுவிட்டுப் பிறகு திறந்து எண்ணி வருமானம் என்று மகிழ்வதை ஒக்கும்.

எண்ணுவதனால் மட்டும் மீன் பிழைத்துவிடாது என்று சிலர் கூறலாம். அதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடிபடும் சால்மன் கணக்கு 1952 முதல் ஆண்டு தவறாது தொகுக்கப்பட்டு வருகிறது. அக்கணக்கில் 2023ஆம் ஆண்டின் தொகையே அதுவரையில் மிகக் குறைந்தது. அதே ஆண்டில், அட்லாண்டிக் சால்மன் உலக அளவில் 'அச்சத்தை நெருங்கிய' இனமாகவும், பிரிட்டனில் 'ஆபத்தில் உள்ள' இனமாகவும் சிவப்புப் பட்டியலில் மாற்றி எழுதப்பட்டது. எழுபதாண்டுக் கணக்கு அம்மீனைக் காப்பாற்றவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கணக்கு இருப்பதனால், வீழ்ச்சி எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த ஆற்றில் கடுமையானது, கடலில் நேர்ந்ததா, கரையில் நேர்ந்ததா என்று அங்கே வாதிடவேனும் முடிகிறது. நமது அசேலாவைப் பற்றி வாதிடுவதற்கு எத்தனை ஆறுகளில் இருபதாண்டுக் கணக்கு உண்டு?

கங்கையைப் பார்ப்போம். பொன்னிற மஹசீர் மழைக்காலத்தில் பேராற்றை விட்டு உபநதிகளில் ஏறி முட்டையிடும் இயல்புடையது. தேவப்பிரயாகைக்குக் கீழே வியாசகாட் என்னுமிடத்தில் கங்கையில் கலக்கும் நாயார் ஆறு அதற்கு உகந்த இடங்களுள் ஒன்று. அணை குறுக்கிட்டாலோ, படுகையின் கூழாங்கல் அகற்றப்பட்டாலோ, உரிய மாதத்தில் நீர் வராது போனாலோ அம்மீன் ஏறி வந்து பயனில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி, மேல் கங்கைப் பகுதியில் நவம்பர் முதல் மார்ச்சு வரை சராசரி நீரோட்டத்தில் 20 சதவிகிதமும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவிகிதமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவிகிதமும் ஆற்றில் விடப்பட வேண்டும். இது வரவேற்கத்தக்க ஆணை. நீரின் அளவைக் கருவிகள் காட்டும். அந்த நீர் போதுமா என்பதை மீன்தான் காட்ட வேண்டும். ஆவணி மாதத்து நாயாற்றில் முட்டையிட வந்த மஹசீர் எத்தனை, கார்த்திகையில் விரலளவுக் குஞ்சுகள் எத்தனை என்ற கணக்கு இன்றி, 20 என்பது சரியான எண்ணா, 35 ஆக இருக்க வேண்டுமா என்பதை எவ்வாறு முடிவு செய்வது?

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று எண்ணித் தயங்க வேண்டாம். ஒரு குறிப்புப் புத்தகம், ஓர் அளவுகோல், ஒரு வெப்பமானி இருந்தால் தொடங்கலாம். ஒரே இடம், ஒரே மாதம், ஒரே வகை வலை என்பதை மட்டும் மாற்றக் கூடாது. வீச்சுவலை எத்தனை முறை வீசப்பட்டது என்பதை எழுதாமல் மீனின் தொகையை மட்டும் எழுதினால் அத்தொகைக்குப் பொருளில்லை. பத்து முறை வீசிப் பிடித்த ஐந்தும், நூறு முறை வீசிப் பிடித்த ஐந்தும் ஒன்றாகா. மீனின் பெயரை உள்ளூர் வலைஞர் என்ன சொல்கின்றனரோ அவ்வாறே முதலில் எழுதுக. ஆங்கிலப் பெயரைத் தேடிப் பொருத்தும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் பக்கவாட்டாக எடுத்த ஒரு புகைப்படம் இனத்தைப் பின்னர் உறுதி செய்யப் போதுமானது. நீரின் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். டிரவுட் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நலிவடையும் மீன். அந்த எல்லை ஆற்றில் ஆண்டுக்காண்டு எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதே ஒரு செய்திதான்.

யாவற்றினும் முக்கியமானது, ஒன்றும் அகப்படாத நாளையும் எழுதுவது. நம் அலுவலகங்களில் சுழியை எழுதுவதற்கு ஒரு கூச்சம் உண்டு. வேலை நடைபெறவில்லை என்று மேலதிகாரி கருதிவிடுவாரோ என்னும் அச்சம் அதற்குக் காரணம். இந்த அச்சத்தை நீக்க வேண்டியவர்கள் மேலதிகாரிகளே. 'வலை 40 முறை வீசப்பட்டது, அசேலா இல்லை' என்று எழுதப்பட்ட வரி, 'குஞ்சுகள் 10,000 விடப்பட்டன' என்னும் வரியைக் காட்டிலும் விஞ்ஞானத்துக்குப் பெரிதும் பயன்படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்து மலையாற்றில் மாணவர்களை இறக்கக் கூடாது; மீன் கணக்கு எதுவாயினும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மாணவர்கள் செய்யத்தக்கவை வேறு உள்ளன. பனிக்காலத்தில் நீர் வற்றித் தெளிந்திருக்கும்போது, கரையோரத்தில் கணுக்கால் அளவு நீரில் கற்களைப் புரட்டி, அவற்றின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களை வகை பிரித்து எண்ணலாம். தூய்மை கெட்ட நீரில் சில வகைப் புழுக்கள் முதலில் மறைகின்றன; மீனுக்கு உணவும் அவையே. பிரிட்டனில் தூண்டிற்காரர் சங்கங்கள் இம்முறையைக் கொண்டே ஆற்றில் நஞ்சு கலந்ததைக் கண்டுபிடித்து அதிகாரிகளுக்கு அறிவிக்கின்றன. மற்றொன்று, கரையில் வந்து இறங்கும் மீனை வலைஞரின் அனுமதியோடு அளந்து எழுதுதல். மூன்றாவதாக, ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, அவர்களது இளமையில் எந்த மீன் எந்த மடுவில் இருந்தது என்று கேட்டு எழுதுதல். பழைய கணக்கு இல்லாத ஆற்றுக்கு இதுவே பழைய கணக்கு.

இறுதியாக, சர்ச்சைக்குரிய ஒன்றைத் தொட வேண்டியுள்ளது. சரணாலயங்களுக்குள் தூண்டில் இடுவது தடுக்கப்பட்டதனால் காவிரி முகாமின் கணக்கும் 2012உடன் முடிவுற்றது. பிடித்து விடுவதனாலும் மீனுக்குத் துன்பம் உண்டு என்பாரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் தூண்டிற்காரர் சென்றபின் அந்தக் கரையில் மீனைப் பார்ப்பதற்கு யார் உளர்? வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்குற்றம் ஓயவில்லை. ஏனெனில் ஆற்றங்கரையில் கண் இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை. சிருங்கேரியில் துங்கையாற்றிலும், குமாவூனில் பைஜ்நாத் கோயிலை அடுத்த கோமதியாற்றிலும் மஹசீர்கள் அச்சமின்றித் திரிகின்றன என்றால், அங்கே நாள்தோறும் அவற்றுக்குப் பொரி இடுவோர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே காரணம். ஆகவே, தூண்டிலைத் தடுக்கும் இடங்களில், தடை தொடங்கும் நாளன்றே அந்தக் குறிப்புப் புத்தகத்தை யார் தொடர்ந்து எழுதுவது என்பதையும் ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். வனக் காவலராயினும் ஆகுக, அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியாயினும் ஆகுக. இனங்களைத் தனித்தனிப் பத்திகளில் எழுத இடம் விட்டும், 'அகப்படவில்லை' என்பதற்கு ஒரு பத்தி சேர்த்தும் படிவங்களைத் திருத்தி அச்சிடுவதற்கு அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள படிவத்தின் ஓரத்தில் கோடிட்டு எழுதத் தொடங்கலாம்.